இரண்டு சிலோன் மனோகர்கள்

2018 ஜனவரியில் ஓர் இரவு. கொழும்பில் அப்போது நான் வேலை செய்த பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் கடைசிப் பக்கங்கள் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. பாடகர் ஏ. ஈ. மனோகரன் சென்னையில் காலமானார் என்ற செய்தி வந்து சேர்ந்தது. உதவி ஆசிரியர் எவ்வளவு இடம் விடுவது என்று கேட்டார். "ஆறு வரி போதும்" என்றேன். படம் தேட நேரமில்லை என்றும் சொன்னேன். மறுநாள் அது உள்பக்கமொன்றின் அடியில், ஒற்றைப் பத்தியில், படமில்லாமல் வெளிவந்தது.

அன்று மாலை தமிழ்நாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என் சித்தப்பா. பேத்தி இணையத்தில் தேடி எங்கள் பத்திரிகையை அவருக்குக் காட்டியிருக்கிறாள்.

"ஏப்பா, என் சாவுச் செய்திய இவ்வளவு சின்னதாவா போட்ட?" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைச் சொல்ல, நான் பிறந்த லயத்துக்குப் போக வேண்டும்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பத்துக் காம்பரா லயம். எங்கள் காம்பராவில் தாத்தா, அப்பாயி, அப்பா, அம்மா, சித்தப்பா, நாங்கள் பிள்ளைகள் மூவர் என்று எட்டுப் பேர். மழை நாட்களில் இஸ்தோப்பில் கொழுந்துக் கூடைகளும் கம்பளிகளும் காயும். லயத்துக்கே ஒரே வானொலிப்பெட்டிதான். அது கடைசிக் காம்பராவில் இருந்தது. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர். பெட்டியைச் சுவரோரமாக வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவிடுவார். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை எங்கள் லயத்துக்கு அப்படித்தான் வந்தது. ஒன்பது சுவர்களைத் தாண்டி.

அந்தப் பெட்டியில் கேட்ட எதையும் சித்தப்பா அன்று மாலையே பாடிவிடுவார். ரி. எம். சௌந்தரராஜனா, சீர்காழியா, சிங்களப் பைலாவா, எதுவானாலும் சரி. மாசியில் காமன் கூத்தென்றால் ரதிக்கு அழுகிற பாட்டு அவருடையது. மாரியம்மன் திருவிழாவில் தப்புக்காரர்களோடு முன்னால் நடப்பார். சாவு வீட்டில் ஆண்பிள்ளை ஒப்பாரி வைப்பதில்லை என்பது வழக்கம். கிழவிகள் அடி மறந்து தடுமாறும்போது பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். பகலில் அவர் தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள்.

எழுபதுகளில் அந்தப் பெட்டிக்குள் புதிய சத்தமொன்று வந்தது. கிற்றாரும் கொங்கா மேளமும். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் கேலியும் கிண்டலும். பொப் இசை என்றார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' வந்தது. எஸ். இராமச்சந்திரன் பாடினார், அமுதன் அண்ணாமலை பாடினார். எல்லோரையும் விட மனோகரன். அவருக்குப் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமே நிலைத்துவிட்டது. சுராங்கனிக்காக மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று சிங்களத்திலும் தமிழிலும் கலந்து கூப்பிடுகிற அந்தப் பாட்டை எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தை தவிர எல்லோரும் பாடினார்கள்.

எங்களுக்குக் கடல் தெரியாது. மீன் என்றால் சம்பளத்துக்குப் பிறகு கடையில் வாங்குகிற கருவாடு. 1973, 74 இல் தோட்டங்களில் பஞ்சம். மா இல்லை, அரிசி இல்லை. பட்டினியால் மலையகத்தில் மனிதர்கள் செத்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. நினைவிருப்பது பசி அல்ல, அம்மாவின் அதட்டல்தான். அந்த நாட்களில்தான் சித்தப்பா வெற்றுத் தகரமொன்றைத் தட்டி மீன் பாட்டைப் பாடி எங்களைச் சிரிக்க வைத்தார் என்று அம்மா பின்னாளில் சொன்னார். "வயித்துல ஒண்ணுமில்ல, வாயில மட்டும் மீனு" என்பது அம்மாவின் விமர்சனம். பொப் இசையைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக எதையும் சொல்லவில்லை.

மனோகரனைப் பொப் பாடகர் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பாட்டுக்கு முன்பே அவர் நடிகர். 1966 இல் இலங்கையில் எடுக்கப்பட்ட 'பாச நிலா'வில் கதாநாயகன். 1978 இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானபோது அதிலும் நடித்தார். பிறகு தமிழ்நாட்டுக்குப் போய், தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிப் படங்களில் வில்லனாகவும் துணைப் பாத்திரங்களிலும் வந்தார். அவரைக் கத்தி பிடித்த அடியாளாகப் பார்த்த இரசிகர்களில் பலருக்கு 'சுராங்கனி' அவருடைய பாட்டு என்பதே தெரியாது. பாட்டோ அவருக்கு முன்பே அங்கு போய்விட்டது. 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் அது தமிழ்நாடெங்கும் ஒலித்தது. மேடையில் ஆடுவார், நகைச்சுவை சொல்வார், ஒரே பாட்டுக்குள் மொழி மாறுவார். கேட்பவன் யாரென்று பார்த்து அவன் பாஷையில் ஒரு வரியைப் போடுகிற சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. சிங்களவரும் தமிழரும் ஒரே மண்டபத்தில் சேர்ந்து ஆடிய கடைசி ஆண்டுகளின் பாடகர் அவர் என்று நான் நினைப்பதுண்டு. அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம்.

அவருடைய தாளம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. பைலா போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்களோடு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க அடிமைகளின் சந்ததி, புத்தளம் சிரம்பியடியில் இன்றும் இருக்கிற காப்பிரிச் சமூகம், அந்தத் தாளத்துக்குப் பங்காளி. அதைக் கொழும்புச் சனங்களின் வாய்க்குக் கொண்டுவந்தவர் வொலி பெஸ்டியன் என்ற பொலிஸ்காரர். அங்கிருந்து எம். எஸ். பெர்னாண்டோ, அங்கிருந்து மனோகரனின் தமிழ். அடிமைக்கப்பலில் ஏறிய தாளம் ஒன்று எங்கள் லயத்தின் தகரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. இது சித்தப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

பேராதனைக்குப் படிக்கப் போனபோதுதான் எனக்கு இன்னொரு தோட்டத்தின் பாட்டு கிடைத்தது. விடுதியில் என் அறை நண்பனிடம் பொப் மார்லியின் ஒலிநாடா ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டதும், பொப் இசை என்பதே இவர் பெயரால் வந்ததாக்கும் என்று நினைத்தேன். அந்த அறியாமையை இன்றைக்குத்தான் வெளியில் சொல்கிறேன். இரவு முழுக்கக் கேட்டோம். தாளத்தில் ஏதோ ஒன்று பிடிபடாமல் நழுவியது. நாம் அடி விழும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் கிற்றார் மௌனமாக இருக்கும். நாம் விட்டுவிடுகிற இடத்தில் வெட்டும். தப்புக்காரர்கள் சாவுக்கு ஓர் அடி அடிப்பார்கள், அதிலும் இப்படி ஒரு நழுவல் உண்டு.

ரெகே ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் செய்த இசை. ஊரில் தேவாலயத்தில் பாடிப் பழகியவர்கள் கிங்ஸ்டனின் சேரிகளுக்கு வந்து, அமெரிக்க வானொலியில் கேட்ட கறுப்பின மக்களின் சோல் பாட்டைத் தங்கள் தாளத்தில் போட்டுப் பிசைந்தார்கள். சோல் என்பதே ஆலயப் பாட்டைத் தெருவுக்கு இறக்கியதுதான். டூட்ஸ் ஹிபர்ட் என்ற பாடகர் இரண்டிலும் மன்னர். 1968 இல் அவருடைய குழு வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலிருந்துதான் 'ரெகே' என்ற பெயரே இந்த இசைக்கு ஒட்டிக்கொண்டது. ஒரே குரலில் பிரார்த்தனையும் சிறைக்கதையும் காதலும் பாடுவார். 2020 செப்டம்பரில் அவர் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எவ்வளவு இடம் ஒதுக்கின என்று பார்த்தேன். ஆறு வரியல்ல.

மார்லியைக் கேட்ட மறுநாளிலிருந்து நான் அறிவாளியாகிவிட்டேன். எங்களிடமும் தோட்டம் இருந்தது, மேளம் இருந்தது, ஒப்பாரி இருந்தது, 1948 இல் பறிக்கப்பட்ட குடியுரிமை இருந்தது. ஏன் எங்களிடமிருந்து ஒரு ரெகே வரவில்லை? சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரையே எழுதினேன். அதில் பொப் இசையை ஒரு பிடி பிடித்தேன். மலையகம் பட்டினி கிடந்தபோது மீன் பாட்டுப் பாடிய கூத்தாடிகள் என்று எழுதினேன். மனோகரனின் பெயரையும் போட்டேன். அந்த வசனத்துக்குப் பாராட்டுக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வியே பிழை என்பது தெரிய நாளாயிற்று. எங்களிடமும் வந்திருந்தது, நான்தான் அறியவில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1930களிலேயே தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். மேடைப் பேச்சுக்கு முன் பாட்டு. சனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டு, அதில் சம்பளமும் கங்காணியும் உரிமையும். அந்தப் பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் 1940 இல் சிறு நூலாகவும் வந்தன. ஒலித்தட்டு ஒன்றும் இல்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல இன்றைக்கு உயிரோடு யாரும் இருக்க வாய்ப்பில்லை. பூண்டுலோயா மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து பாராளுமன்றம் வரை போன சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவை எழுத்தாகத் தப்பின. ஜமெய்க்காவில் சேரிக்குப் பக்கத்திலேயே ஒலிப்பதிவு அறைகள் இருந்தன. எங்களுக்கு ஒலிப்பதிவு அறை கொழும்பில், மலையிலிருந்து ஒருநாள் பயணத்தில், தோட்டத்துப் பேச்சைக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களின் வாசலுக்கு உள்ளே. என் சித்தப்பாவைப் போன்றவர்களின் குரல் அந்த வாசலை எட்டவே இல்லை.

எட்டுவதற்கு முன் அவரை அனுப்பிவிட்டார்கள்.

1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப்போட்டுப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் காம்பராவிலும் அதே கணக்குத்தான். தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். மணமாகாதிருந்த சித்தப்பாவின் பெயர் அந்த விண்ணப்பத்தில் இருந்தது. அப்பா தனியாக விண்ணப்பித்து இலங்கைப் பிரஜையானார். ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள் இரு நாட்டவர்.

1981 இல் அவர்கள் போனார்கள். ஹற்றன் புகையிரத நிலையம். தலைமன்னார் வரை இரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்த இரயிலை எங்கள் சனம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றது. அதே பெயரில் மு. சிவலிங்கம் ஒரு சிறுகதைத் தொகுதியே எழுதியிருக்கிறார். மேடையில் தகரப் பெட்டிகள், சுருட்டிய பாய்கள், யாரோ ஒருவரின் அம்மிக்குழவி. அப்பாயி மண்ணில் உட்கார்ந்து என் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அவரைப் பார்த்து மற்றக் கிழவிகளும் தொடங்கினார்கள். கோச்சி வந்து நின்றும் அப்பாயி எழும்பவில்லை.

அப்போதுதான் சித்தப்பா பாடினார். தகரப் பெட்டியில் தாளம் போட்டுக்கொண்டு, சுராங்கனி. முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு எங்கள் லயத்துப் பையன்கள் கைதட்டினார்கள். அப்பாயி நிமிர்ந்து பார்த்து, "சனியன், இந்த நேரத்திலயுமா" என்று திட்டிக்கொண்டே எழுந்தார். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள். கோச்சி நகர்ந்தபோதும் பாட்டு நிற்கவில்லை. எனக்கு வயது பன்னிரண்டு. பத்து ஆண்டு கழித்து அதே பாட்டைக் கூத்தாடிப் பாட்டு என்று எழுதியவனும் நான்தான்.

1999 இல் நான் அவரைத் தேடிப் போனேன். கூடலூருக்கு அப்பால் பந்தலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டம். டான்டீ என்கிறார்கள். பேருந்திலிருந்து இறங்கி, சித்தப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர், பாடுவார் என்றேன். தேநீர்க் கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"நம்ம சிலோன் மனோகரா? அப்படிச் சொல்லுங்க சார்."

தமிழ்நாட்டில் மனோகரனுக்கு அப்போது அதுதான் பெயர், சிலோன் மனோகர். இலங்கையில் இருந்தவரை அவர் பெயரோடு யாரும் சிலோனைச் சேர்த்ததில்லை. நாட்டை விட்டுப் போன பிறகுதான் நாடு அவர் பெயருக்கு முன்னால் வந்து நின்றது. என் சித்தப்பாவுக்கும் அதேதான். டிக்கோயாவில் பிறந்த அவர், இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே இந்தியத் தோட்டத் தமிழர். கப்பலேறி இந்தியாவில் கால் வைத்த அன்றே சிலோன்காரர். லயம் என்னவோ அதே நீளம்தான். கொழுந்தும் அதே கொழுந்து.

அன்றிரவு அவர் பாடினார். திருமண வீடு, கோயில், சாவு, தேர்தல் கூட்டம் என்று அந்தப் பக்கத்தில் எதற்கும் அவர்தானாம். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டும் பாடுவதாகச் சொன்னார். மலையாளிகள் கேட்டால் மலையாளத்தில். கூலியாகச் சில நேரம் பணம், சில நேரம் சாப்பாடு. மனோகரனைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சினிமாவில் அடி வாங்குவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். "அவரு அடி வாங்குற சீன் வந்தா நான் வெளியில வந்துருவேன்."

என் பழைய கட்டுரையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே 2018 இல் நான் கொடுத்த ஆறு வரியைப் பற்றி அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இடமில்லை என்று சொன்னேன். பத்திரிகைக்காரர்கள் எப்போதும் சொல்கிற பொய். அன்றைய பக்கத்தில் ஓர் அமைச்சர் பாலம் திறந்த படம் மூன்று பத்தி அகலத்தில் இருந்தது. ஜனவரி 22 இல் இறந்த மனோகரனுக்கு வயது 73. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையிலும் திரையிலும் இருந்தவர். அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டுதான் ஒரு தோட்டத்துச் சனம் கோச்சி ஏறியது என்று எழுத இலங்கையில் யாராவது இருந்திருந்தால் அது நான்தான்.

2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தபோது உலகெங்குமுள்ள தமிழர்கள் அதைக் கேட்டார்கள். இசை சந்தோஷ் நாராயணன். தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, நிலமில்லாதவராகத் தமிழ்நாடு திரும்பியவர் என்று அதன் பாடலாசிரியர் அறிவு சொல்லியிருக்கிறார். ஒப்பாரியும் ராப்பும் ஒரே பாட்டில். அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று 2022 இல் எழுந்த சர்ச்சைக்குள் நான் போகவில்லை. எங்கள் மலையில் நான் தேடித் திரிந்த பாட்டு, ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப்போன ஒருத்தியின் பேரன் வாயிலிருந்து வந்தது. கொழும்பில் என் அறையில் தனியாக அதைக் கேட்டு, கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

சித்தப்பாவை அழைத்தேன். பேத்தி ஏற்கெனவே போட்டுக் காட்டியிருந்தாள்.

"நல்லாருக்கு" என்றார். "தப்ப இன்னும் கொஞ்சம் முன்னாடி வெச்சிருக்கலாம்."

"அழுகை வரலையா சித்தப்பா?"

"அழுறதுக்கு எதுக்குப்பா பாட்டு?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, மனோகரனைப் பற்றி ஒழுங்காக எழுதுகிறேன் என்று 2018 இல் சொன்னேனே, அது என்ன ஆயிற்று என்றார்.

நான் சொன்னதை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகும் எழுதாமல் சில ஆண்டுகள் போயின. பத்திரிகை வேலை, மூட்டுவலி, வேறு சாக்குகள். போன மாதம் கையடக்கத் தொலைபேசியில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். எழுபதைத் தாண்டிய குரல், மேலே போக முடியவில்லை. கீழேயே நின்று, பழைய வேகத்தில் பாதிதான். தகரம் ஒன்றில் தாளம். அதே மீன் பாட்டு. நடுவில் இரண்டு இடத்தில் அப்பாயியின் ஒப்பாரி மெட்டு வந்து போகிறது. தெரிந்து செய்தாரா, வயதில் சுருதி நழுவியதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எழுதத் தொடங்கிவிட்டேன் என்று நேற்றுச் சொன்னேன்.

"இந்தத் தடவை படத்தோட போடு" என்றார்.

யாருடைய படம் என்று கேட்டேன். இருமலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே தொலைபேசியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.